இணையத்தில் நகைக் கடை: மளிகைக் கடைக்கும் அதில் பாடம் உண்டு



நம் கம்பம் பள்ளத்தாக்கில் கல்யாண நகை எடுப்பதென்றால் குடும்பமே கிளம்பிப் போய், கடையில் அரைநாள் உட்கார்ந்து, எடை பார்த்து, சேதாரத்தில் பேரம் பேசி எடுப்பதுதான் வழக்கம். இன்றும் கடைக்கு வருகிறார்கள். ஆனால், வருமுன்பே கைப்பேசியில் மாடலையும் எடையையும் விலையையும் பார்த்துவிடுகிறார்கள். அதனால், ஒரு கடையில் தொடங்கி இரண்டு மூன்று கடையாக வளரும் நகை வியாபாரி, சொந்தமாக ஓர் இணையக் கடை வேண்டும் என்று நினைப்பது இயற்கை.

"பருப்பும் புளியும் விற்கும் நமக்கு இதில் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாதச் சாமான் சிட்டையும் கைப்பேசி வழியாக வேறு எங்கோ போகத் தொடங்கிவிட்ட காலம் இது. நகைக் கடைக்கு வரும் சிக்கலைப் புரிந்துகொண்டால், நம் கடைக்கு என்ன வேண்டும் என்பது தானாக விளங்கும்.

சென்னையில் தொடங்கிய ஒரு கடை

2008-ஆம் ஆண்டு சென்னையில் கேரட்லேன் என்ற நிறுவனம் இணையத்தில் வைர வியாபாரத்தைத் தொடங்கியது. தொடங்கியவர் மிதுன் சச்சேதி, நகை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தொட்டுப் பார்க்காமல் யார் வைரம் வாங்குவார்கள் என்று அன்று பலரும் எண்ணினார்கள். 2016-இல் டைட்டன் நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்கியது. 2023-இல் மேலும் 27.18 சதவீதப் பங்குக்கு 4,621 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பணத்தை அல்ல. இணையத்தில் பிறந்த அந்த நிறுவனமே பிறகு ஊர் ஊராகக் கடை திறந்தது. அமெரிக்காவில் 1999-இல் இணையத்தில் தொடங்கிய ப்ளூ நைல் நிறுவனமும் அப்படித்தான். மக்கள் நகையைக் கையில் வைத்துப் பார்க்க 2015-இல் ஒரு காட்சிக் கடையைத் திறந்தது. அவர்கள் தேடிப் போன கடையும், முகம் தெரிந்த வாடிக்கையும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இதுவே நம் முதல்.

விலை எழுதி ஒட்ட முடியாத சரக்கு

சோப்புக்கு உறையிலேயே விலை அச்சிட்டிருக்கிறது. நகைக்கு அப்படி முடியாது. தங்கத்தின் விலை தினமும் மாறும். சில நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

கணக்குக்கு ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் சங்கிலிக்குத் தங்கம் 80,000. சேதாரம் 10 சதவீதம் என்றால் 8,000. செய்கூலி 2,000. ஆக 90,000. ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 2,700. மொத்தம் 92,700 ரூபாய்.

கிராமுக்கு 100 ரூபாய் ஏறிய அன்று, திரையில் பழைய விலையே இருந்துவிட்டால், ஒரு சங்கிலிக்கு வரி உட்பட 906 ரூபாய் 40 காசு குறைகிறது. 50 சங்கிலிக்கு 45,320 ரூபாய். ஆகவே நகைக்கான இணையக் கடையில் ஒவ்வொரு நகைக்கும் எடை, சேதாரம், செய்கூலி, கல் விலை ஆகியவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். காலையில் அன்றைய விலையை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா நகைக்கும் மாற வேண்டும். வாடிக்கையாளர் பதிந்த விலை எத்தனை நிமிடம் செல்லும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். கடைக்குத் தகுந்தபடி செய்வது என்பது இதைத்தான். வண்ணமும் படமும் அதற்குப் பிறகு.

ஒரு நகை, இரண்டு பேர்

அரைக் கிலோ பாக்கெட் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். நகை அப்படியல்ல. ஒரே மாடல் சங்கிலியில் ஒன்று 7.980 கிராம், மற்றொன்று 8.040 கிராம். ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. தேனிக் கடையில் விற்ற நகையை அதே நேரத்தில் வெளியூர்க்காரர் இணையத்தில் பணம் கட்டி வாங்கிவிட்டால் யாருக்குக் கொடுப்பது? கடையின் இருப்புக் கணக்கும் இணையத்தின் இருப்புக் கணக்கும் ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சங்கடம் வராது.

தரத்துக்கு அரசே வழி செய்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளில் ஆறு இலக்கத் தனி அடையாள எண் இருந்தாக வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் வாங்குபவரே சரிபார்க்கலாம். நகையை முகத்துக்கு நேரே உரசிக் காட்ட முடியாத இடத்தில் இந்த எண்தான் கடைக்காரரின் நாணயத்துக்குச் சாட்சி.

நம் கடைக்கு வருவோம்

விலை தினமும் மாறும் சரக்கு நகை மட்டும்தானா? ஏலக்காயும் மிளகும் பருப்பும் அப்படித்தானே! போடியில் ஏலக்காய் ஏலமே கணினி வழியாக நடக்கிறது. கணினியில் வியாபாரம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. இணையத்தில் கடை போட நினைக்கும் சிறு வியாபாரிகள் கீழ்க்கண்டவற்றை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

1. இருப்புக் கணக்கு அன்றன்றைக்குச் சரியாக இருக்கிறதா? கடையில் இல்லாத சரக்கைத் திரையில் காட்டினால், வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

2. இணைய முகவரிப் பெயர் யார் பேரில் பதிவாகிறது? அது கடையின் பேரில் இருக்க வேண்டும். செய்து கொடுப்பவர் பேரில் அல்ல. வாடிக்கையாளர் பட்டியலும் நம் கையில் இருக்க வேண்டும். பெரிய இணையச் சந்தைகளில் விற்கலாம், தவறில்லை. ஆனால், அங்கே வருபவர் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர், நம்முடையவர் அல்லர்.

3. தினசரி விலையை நாமே மாற்ற முடியுமா, அதற்கும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டுமா? ஆண்டுதோறும் என்ன செலவு? பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள்? எல்லாவற்றையும் ஒப்பந்தமாக எழுதி வாங்க வேண்டும். பாண்டியர் கொடுத்த தானத்தைச் செப்பேட்டில் எழுதி வைத்ததால்தான் ஆயிரம் ஆண்டு கழிந்தும் சின்னமனூர்ச் செப்பேடு பேசுகிறது. வாய்ப்பேச்சு அப்படி நிற்காது.

4. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நமக்கும் உண்டு. கடைப் பெயர், முகவரி, குறை தீர்க்கும் பொறுப்பாளர், சரக்கைத் திருப்பி எடுக்கும் நிபந்தனை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். பாக்கெட் சரக்குக்கு நிகர எடையும் அதிகபட்ச விலையும் திரையிலும் தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் அவசியம்.

5. 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குள் உள்ள சிறு வியாபாரி, தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், உரிய சேர்க்கை எண் பெற்று, பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் சரக்கு விற்கலாம். ஆனால், குமுளியைத் தாண்டினால் கேரளம். மளிகைச் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பதானால் பதிவு கட்டாயம். கணக்கரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் ஒன்றைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறோம். சில்லறைக் கடை நின்றால்தான் மொத்தக் கடையும் நிற்கும். ஒரு கடை மூடினால் அதோடு போவது ஒரு கணக்கு மட்டுமல்ல. கூலிக்காரர் வீட்டுக்கு வாரக் கடன் கொடுத்துத் தாங்கிய இடமும் போகிறது. அந்தக் கடனை எந்தத் திரையும் கொடுக்காது.

ஆகவே பயந்து ஒதுங்கவும் வேண்டாம், பிறர் செய்கிறார்கள் என்று அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். முதலில் தராசும் இருப்பும் சிட்டையும் சரியாக இருக்கட்டும். படித்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகமாக ஓடும் 50 சரக்குகளோடு சிறிதாகத் தொடங்குவோம். கடையில் இருக்கும் நாணயம் திரையிலும் இருந்தால் வாடிக்கை நம்மைவிட்டுப் போகாது.