கழித்தலும் சில்லறையும்

கணக்கு வராத பிள்ளை என்று நம் குழந்தையை நாமே முத்திரையிட்டுவிடுகிறோம். அதற்குமுன் தண்டையார்பேட்டைக் கடைவீதியைச் சற்றே கவனியுங்கள். 63 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய்த் தாளை நீட்டினால், கடைக்காரர் முதலில் 7 ரூபாயை வைத்து "எழுபது" என்பார். பின்னர் மூன்று பத்து ரூபாய்த் தாள்களை வைத்து "நூறு" என்று முடிப்பார். மீதி 37. கூட்டிக்கொண்டே போய்க் கழித்தலுக்கு விடை காணும் வழி இது.

1985-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெரு வணிகம் செய்த ஐந்து சிறுவரைப் பற்றியது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 பங்கு சரியாகச் சொன்ன அவர்கள், அவற்றையே வெறும் எண்களாகத் தந்தபோது 37 பங்கே சரியாகச் செய்தனர். கொல்கத்தா, தில்லிச் சந்தைச் சிறுவரிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வும் இவ்வாறே கூறுகிறது. பள்ளிக் கணக்கில் தேர்ந்த மாணவரோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஆகவே, கையும் ஏடும் இணைய வேண்டும்.

அன்புப் பெற்றோரே, இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். 52 ரூபாயை ஐந்து பத்து ரூபாய்த் தாள்களாகவும் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளாகவும் வையுங்கள். "இதிலிருந்து 27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். காசு போதாது, பிள்ளை ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றியே தீரவேண்டும். நான்கு தாள், பன்னிரண்டு காசு. கொடுத்தபின் மீதி 25. பள்ளியில் 'கடன் வாங்குதல்' என்பது உண்மையில் இந்தச் சில்லறை மாற்றமே. உடனே அதனைச் சிலேட்டில் எழுதச் செய்யுங்கள்.

அடுத்து மூன்று கேள்விகள். 50 ரூபாயில் 28 செலவானால் மீதி எவ்வளவு? அண்ணனிடம் 50, தங்கையிடம் 28. அண்ணனிடம் எவ்வளவு அதிகம்? நோட்டின் விலை 50, கையில் 28; இன்னும் எவ்வளவு வேண்டும்? மூன்றுக்கும் விடை 22. ஆயினும் 'அதிகம்', 'இன்னும்' என்ற சொற்களைக் கண்டவுடன் பிள்ளைகள் கூட்டிவிடுவர். சொல்லைப் பிடித்துக்கொள்ளாமல் நிலைமையை எண்ணிப் பார்க்கப் பழக்குங்கள்.

இன்று கைப்பேசி வழியே பணம் செல்வதால், சில்லறை எண்ணும் வாய்ப்பு குழந்தைகளுக்கு அருகிவருகிறது. வாரம் ஒருமுறையேனும் தாளும் காசும் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். விடை தவறினால் கடிந்துகொள்ளாது, "எப்படி எண்ணினாய்?" என்று கேளுங்கள். உழைத்து ஈட்டிய கூலியைத் தானே எண்ணிச் சரிபார்க்கும் ஆற்றல், நாளை அப்பிள்ளை ஏமாறாமல் காக்கும்.