கனத்தை வேலியில் கபன் சீலை

புல்மோட்டையில் ஒருவர் மௌத்தானால், அதாவது இறந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இறந்தவரோடு ஒரு நாளும் பேசியிராதவரும் மையவாடி என்கிற அடக்கத்தலத்துக்குப் போய் மூன்று பிடி மண் போடுவார். இது ஏன் என்று விளங்கிக்கொண்டால், 2020 டிசம்பரில் கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் முன்பின் தெரியாதவர்கள் வெள்ளைத் துணி கட்டியதும் நமக்கு விளங்கும்.

நடந்தது இதுதான். கொரோனாவில் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டுக்குமே இடம் கொடுத்திருந்தது. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் இதை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில், பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையொன்றின் உடலைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பிறகுதான் மயான வேலியில் துணிகள். இரவில் அவற்றை அகற்றினார்கள். சனங்கள் தங்கள் வீட்டு வாசல்களில் கட்டினார்கள். வேறு மதத்தவர்களும் கட்டினார்கள். சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்கவே மறுத்தன.

"உயிர் போன பிறகு எரித்தால் என்ன, புதைத்தால் என்ன? இந்த முஸ்லிம்கள் எதற்கும் வளைந்துகொடுக்க மாட்டார்கள்" என்று பலர் நினைத்தார்கள். நல்ல மனம் உள்ளவர்களும் நினைத்தார்கள். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும்.

ஜனாஸாவுக்கு, அதாவது இறந்த முஸ்லிமின் உடலுக்கு, செய்யவேண்டியவை நான்கு: குளிப்பாட்டுதல், கபனிடுதல் (வெள்ளைத் துணியால் சுற்றுதல்), தொழுகை, அடக்கம். இவை பர்ளு கிபாயா, அதாவது ஊர் முழுவதன் மீதும் விழும் கடமை. கரைவலை இழுப்பதைப் போல என்று வைத்துக்கொள்வோம். போதுமான ஆட்கள் கயிற்றைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் நிழலில் இருக்கலாம். ஒருவருமே பிடிக்காவிட்டால் நட்டம் எல்லோருக்கும். ஆகவே நீர்கொழும்பில் ஒரு முஸ்லிமின் உடல் எரிந்தபோது, அது அந்த வீட்டாரின் துக்கத்தோடு முடியவில்லை. புல்மோட்டையில் இருந்தவரும் தன் கடமை நிறைவேறாமல் கிடப்பதாக உணர்ந்தார். வழக்குத் தோற்றாலும் கடமை தீர்வதில்லை.

வளைந்துகொடுக்கவில்லை என்பதும் சரியல்ல. நோய் தொற்றும் என்றால் குளிப்பாட்டுவதை விட்டுவிட மார்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கூட்டம் வேண்டாம், ஊர் மையவாடியும் வேண்டாம், அரசு காட்டும் இடத்தில் அடக்கினால் போதும் என்கிற அளவுக்கு இறங்கி வந்தார்கள். எரிப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இறந்த உடலையும் நோகவிடக் கூடாது என்பது அவர்களின் நம்பிக்கை. உடலுக்குச் சுற்ற முடியாமல் போன கபன் சீலையைத்தான் வேலியில் கட்டினார்கள். இவ்வளவு வேதனையை இவ்வளவு அமைதியாகச் சொன்ன போராட்டங்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து, அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சுமந்தார்கள். அம்மாதம் 25ஆம் திகதி புதைக்க அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் அடக்கம். பின்னர் அங்கே இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள் உட்பட 3,000க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் அரசு இந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. புதைக்க அனுமதி வருவதற்குள் எரிக்கப்பட்டிருந்த முஸ்லிம்கள் 276 பேர்.