கரும்பலகைக்கு வந்த கடல்

நம் பங்குப் பள்ளியின் மேல்மாடியில் ஓர் அறை உண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் பழைய மாணவர் சிலர் மனமுவந்து அளித்த நன்கொடையைக் கொண்டு மூன்றாண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு ஸ்மார்ட் போர்டு பொருத்தப்பட்டது. அதனை மந்திரித்துத் திறந்து வைத்தவர் நாமே. அன்று எடுத்த நிழற்படம் அலுவலகச் சுவரில் இன்றும் தொங்குகின்றது. ஆனால் அதன்பின் ஓராண்டுக் காலம் அப்பலகை வெள்ளைத் துணியால் போர்த்தப்பட்டு, பூட்டிய அறைக்குள்ளேயே கிடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுவது நலம். சாவி ஓரிடம், பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு என்னும் அச்சம் மற்றோரிடம். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் துணி விலகும். பள்ளியின் தாளாளர் என்ற முறையில் இக்குறையில் நமக்கும் பங்குண்டு.

பிறகு பலகை பயன்பாட்டுக்கு வந்தது. எப்படி வந்தது? பாடப் புத்தகத்தின் பக்கங்களே பெரிய எழுத்தில் அதில் தோன்றின. மாணாக்கர் அவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். சுண்ணக்கட்டித் தூள் மிச்சமாயிற்று என்பதைத் தவிர வேறு பயன் ஒன்றும் நமக்குத் தென்படவில்லை. 2018 முதல் தமிழக அரசின் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டு வருவதைப் பெற்றோர் கண்டிருப்பீர்கள். அவற்றின் வழியே கிடைக்கும் காணொளிகளுள் நல்லவை பல உள. எனினும், காணொளி ஓடுகையில் கடைசி வரிசைப் பிள்ளைகள் கண்ணயர்ந்திருந்ததை நாமே வாசலில் நின்று பார்த்திருக்கின்றோம். அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. விடியற்காலையில் கரைமடிக்குக் கைகொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் சிறுவர் அவர்கள்.

இந்நிலையில், மறைமாவட்டப் பள்ளிகளின் இடமாற்றத்தில் புவியியல் ஆசிரியை ஒருவர் நம் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அவர் முதல் வாரத்தில் அப்பலகையில் காட்டியது பாடநூலன்று, நம் கடல்.

ஹைதராபாத்தில் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் என்றொரு நிறுவனம் உள்ளது. இன்காய்ஸ் என்று சுருக்கமாக அழைப்பர். 1999இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய கடற்பகுதிகளைக் கணித்து, இன்ன இறங்குதுறையிலிருந்து இன்ன திசையில், இவ்வளவு தொலைவில், இவ்வளவு ஆழத்தில் என்று மீனவருக்கு அறிவிக்கின்றது. கணிப்பது எவ்வாறு? விண்கோள்கள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. ஒன்று, கடல் மேற்பரப்பின் வெப்பநிலை. மற்றொன்று, நீரின் நிறம். மிகச் சிறிய மிதவைப் பாசிகள் செழித்த இடத்தில் அவற்றின் பச்சையத்தால் நீரின் நிறம் மாறுகின்றது. பாசி உள்ள இடத்தை நாடிச் சிறுமீன் வரும்; அதனை நாடிப் பெருமீன் வரும். நம் நாடு 2009இல் ஏவிய ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3 ஆகிய விண்கோள்கள் இந்நிறத்தை அளக்கும் கருவியைச் சுமந்து சென்றவையே.

ஆசிரியை வண்ணப் படத்தை விளக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "குளிர்ந்த நீரில் மீன் மிகுமா, வெதுவெதுப்பான நீரில் மிகுமா?" ஒவ்வொரு பிள்ளையிடமும் சிவப்பு அட்டை ஒன்றும் நீல அட்டை ஒன்றும் இருந்தன. பக்கத்திலிருப்பவரைப் பாராமல் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். 42 பேரில் 31 பேர் சிவப்பைத் தூக்கினர். அதாவது வெதுவெதுப்பான நீர். சரியா, தவறா என்று ஆசிரியை வாய் திறக்கவில்லை. "உங்கள் பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடுங்கள்" என்றார். வகுப்பறை சந்தையாயிற்று. நாம் வாசலில் நின்றிருந்ததையும் எவரும் கவனிக்கவில்லை. ஒரு சிறுவன் எழுந்து நின்றே பேசினான்: "கச்சான் அடிக்கிறப்ப தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்ல? அப்பதான சாளை கும்பலா வரும்! எங்க அப்பா சொல்லியிருக்காருல!" மீண்டும் அட்டைகள் உயர்ந்தபோது பெரும்பாலானவை நீலம்.

அதன் பிறகே விளக்கம் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரி, கேரளக் கரைகளை ஒட்டிய மேல்நீர் கரையை விட்டு விலகிச் செல்ல, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. ஆழத்தில் தேங்கிய சத்துகளையும் அது ஏந்தி வருகின்றது. அச்சத்தும் கதிரவன் ஒளியும் சேர்ந்தால் பாசி பெருகும், சாளை வரும். அச்சிறுவனின் தந்தை அறிந்திருந்ததைத்தான் விண்கோளும் சொல்கின்றது.

இந்த அட்டை முறையைத் தாம் கண்டுபிடிக்கவில்லை என்று ஆசிரியை நம்மிடம் கூறினார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் என்னும் பேராசிரியர் 1991 முதல் கையாண்ட முறை அது. தம் மாணவர் சூத்திரங்களைப் பிழையின்றி எழுதியும், எளிய கருத்துவினா ஒன்றுக்கு விடைகூற இயலாது திகைத்ததைக் கண்ட பின்னரே, விரிவுரையைக் குறைத்து மாணவர் ஒருவருக்கொருவர் விளக்கும் வழியை அவர் மேற்கொண்டார். விடையைத் தெரிவிக்கப் பொத்தான் கருவிகள் பின்னர் வந்தன. நம் பள்ளியில் பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி வண்ணம் பூசினர். செலவு ஏதுமில்லை.

மற்றொரு நாள் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாணவி ஒருத்தியின் தாத்தாவை ஆசிரியை வகுப்புக்கு அழைத்திருந்தார். எழுபதைக் கடந்தவர். "சாமி, நான் மூணாங் கிளாசோட சரி. என்னய எதுக்கு மேல கூட்டிட்டுப் போறாக?" என்று படிக்கட்டில் நம்மைக் கேட்டார். பலகையில் கூகுள் எர்த் மூலம் நம் ஊர்க் கரை விரிந்தது. கோவில் கோபுரம், கலங்கரை விளக்கம், உப்பளம், தேரி மணல்மேடு அனைத்தும் வானிலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தன. பெரியவர் சற்று நேரம் கூர்ந்து நோக்கினார். பின்பு கோபுரத்துக்கு நேராகத் தேரியின் உச்சி வரும்படி ஒரு கோடு. கலங்கரை விளக்கத்துக்கு நேராக உப்பு ஆலையின் புகைபோக்கி வரும்படி மற்றொரு கோடு. இரண்டையும் கடலுக்குள் நீட்டச் சொன்னார். கோடுகள் வெட்டிய இடத்தில் விரலை வைத்து, "இதுதான் பாரு. இங்கனதான் கலவா கெடக்கும்" என்றார். கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பது நம் கரையோர வழக்கு. கரை அடையாளங்களை இவ்வாறு நேர்வைத்து இடம் குறிப்பதைக் கணியம் பார்ப்பது என்பர். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி படகுக்கு வருவதற்கு முன்பு, தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் மீன்பிடித்தது இக்கணியத்தைக் கொண்டுதான். புகைபோக்கிக்கு முன்னர் அங்கே ஓர் ஒற்றைப் பனை நின்றதாம். அதை வெட்டிய ஆண்டில் பாரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் அலைந்த கதையையும் அவர் சொன்னார்.

பலகை எதற்கு என்று முன்பு வாதாடிய கணித ஆசிரியர், மறுவாரமே இரு நேர்கோடுகள் வெட்டும் புள்ளியைக் கற்பிக்க அந்த அறையின் சாவியைக் கேட்டு வாங்கினார். அவரைக் கேலி செய்வதற்காக இதனை எழுதவில்லை; சற்று மகிழ்ச்சியாக இருந்தது, அவ்வளவே.

இனி, பெற்றோரோடு நாம் பேச விரும்பும் செய்திக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கரிடம் தாம் அறிந்த தொழில்களை எழுதித் தருமாறு ஆசிரியை கேட்டார். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், செவிலியர், காவலர், வங்கிப் பணியாளர், கப்பல் வேலை; சிலர் குருவானவர், அருட்சகோதரி என்றும் எழுதினர். பதினைந்தைத் தாண்டவில்லை. ஓராண்டாக அவர்கள் பார்த்துவந்த கடல் வரைபடத்தை வரைபவர் யார், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. "என் பிள்ளை என்னைப்போல் கடலில் சாகக்கூடாது" என்று நம் பெற்றோர் சொல்வதன் வேதனை நமக்குத் தெரியும். ஆயினும், கடலுக்குச் செல்லுதல், கடலை விட்டு ஓடுதல் ஆகிய இரண்டுக்கும் நடுவே பல வழிகள் உள்ளன என்பதை அப்பலகையே காட்டியது.

பத்தாம் வகுப்பு முடித்தோருக்கு மத்திய மீன்வள, கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தில் படகு செலுத்துநர், கடல் இயந்திரப் பொருத்துநர் என இரண்டு ஆண்டுப் பயிற்சிகள் உண்டு. 1963இல் கொச்சியில் தொடங்கிய இந்நிறுவனத்தின் கிளை 1968 முதல் சென்னையிலும் இயங்குகின்றது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் உள்ளது; அதனைத் தன்னகத்தே கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் நாகப்பட்டினத்தில் அமைந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்குடன் மத்ஸ்யா என்னும் கலத்தை உருவாக்கி வருகின்றது. அதன் படத்தைப் பார்த்த அன்று மாணவரை வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடாயிற்று.

பதினோராம் வகுப்பில் கணிதமில்லாத பிரிவைத் தேர்ந்தால் இவ்வழிகளுள் சில அடைபட்டுப் போகும். கப்பலின் மேல்தளப் பணிக்கு நிறக்குருடு பெருந்தடை. பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பள்ளிக்கு அது இழப்பாயினும் சொல்லத்தான் வேண்டும். மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம் முதலிய படிப்புகளுக்கு 2021இலும் தமிழக அரசு கொணர்ந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு உரியது. நம்முடையது போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகளில் பயின்றோர் அதில் சேர்க்கப்படவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுவதால், இதனைப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கப்பல் வேலை என்னும் பெயரால் நம் பங்கில் ஒரு குடும்பம் அழிந்ததை ஊரார் அறிவர். தாயின் தாலிச்சங்கிலி வரை அடகுக்குப் போயிற்று. முகவர் ஒருவர் நான்கு இலட்சம் பெற்றுக்கொண்டு, பையனை அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிட்டு மறைந்தார். ஏறுவதற்குக் கப்பல் இல்லை. ஏழு வாரங்களுக்குப் பின் எலும்பும் தோலுமாக அவன் திரும்பி வந்தான். அத்தாய் நம் அறைக்கு வந்து, "சாமி, விசாரிக்க யாருமில்லாமப் போச்சே" என்று அழுதபோது நம்மிடம் பதில் இல்லை. விசாரிக்க வழி இருந்தது. மாடி அறையில் துணி போர்த்திக் கிடந்தது.

கப்பலுக்கு ஆள் சேர்ப்போர், மும்பையிலுள்ள கப்பல்துறைத் தலைமை இயக்ககத்தில் ஆர்.பி.எஸ்.எல். என்னும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர் பட்டியலும், அங்கீகாரமுள்ள பயிற்சி நிலையங்களின் பட்டியலும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளன. இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் பெறுதலே கூடாது. சென்ற ஆண்டு வேறொரு தந்தை ஒரு முகவரின் அட்டையோடு வந்தார். பலகையில் அப்பெயரை ஆசிரியை தேடினார்; பட்டியலில் இல்லை. தந்தைக்கோ நம்பிக்கை வரவில்லை. "கம்ப்யூட்டர்ல விட்டுப் போயிருக்கும் டீச்சர், நல்ல மனுசன் அவரு" என்று கோபத்தோடு எழுந்து சென்றார். பணத்தைக் கட்டிவிட்டாரா, நிறுத்திக்கொண்டாரா என்று அவரும் சொல்லவில்லை. நாமும் வற்புறுத்திக் கேட்கவில்லை. பையன் இப்போது சென்னையில் இயந்திரப் பொருத்துநர் பயிற்சியில் இருக்கின்றான் என்பது மட்டும் தெரியும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுவோம். வானில் மேகம் திரண்டிருந்தால் விண்கோள் கடலைச் சரியாகக் காணாது. அன்று மீன் வரைபடம் கிடைப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் அவ்வாறே. மின்சாரம் நின்றால் பலகையும் நின்றுவிடும். அப்போது ஆசிரியை கரும்பலகைக்கே திரும்புகின்றார். அதுவும் நன்றாகவே நடக்கின்றது.

அந்த வகுப்பில் ஒரு மாணவி இருக்கின்றாள். 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கரையைத் தாக்கிய ஓக்கிப் புயலில் தாய்மாமனை இழந்தவள். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சில கல் தொலைவுக்கு மேல் அலைபேசி எட்டுவதில்லை. அதன்பின் 2019இல், விண்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் சிறு கருவி மீனவருக்கென வெளியிடப்பட்டது. இதனை வகுப்பில் கேட்ட நாளில், அச்செய்தியை அனுப்புபவர் யார், அவர் எங்கே உட்கார்ந்திருப்பார், என்ன படித்திருப்பார் என்று அவள் விடாமல் கேட்டாளாம். வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு 2017இலும் 2022இலும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு அறிவித்ததையும், அதற்கு இயற்பியல் போன்ற பட்டம் வேண்டும் என்பதையும் இருவரும் சேர்ந்து தேடிக் கண்டனர்.

இப்போது காலைதோறும் அரசு மையம் வெளியிடும் காற்று, அலை உயர முன்னறிவிப்பை அவள் பள்ளி வாயிலில் உள்ள பழைய கரும்பலகையில் எழுதி வைக்கின்றாள். கடற்கரைக்கு இறங்கும் வழி அதுதான். முதலில் சிரித்தவர்கள் உண்டு. சென்ற வியாழனன்று அவளுக்குக் காய்ச்சல்; பலகை எழுதப்படாமல் இருந்தது. ஐந்தரை மணிக்கு நம் அறைக் கதவைத் தட்டி, "சாமி, இன்னைக்குக் காத்து என்னன்னு போடலையே?" என்று இருவர் கேட்டனர்.