ஷார்த்ரூஸ்

ஷார்த்ரூஸ் என்பது பிரான்சு நாட்டின் ஆல்ப்சு மலைப்பகுதியில் கார்த்தூசியத் துறவிகளின் செய்முறைப்படி தயாரிக்கப்படும் மூலிகை மதுபானம் ஆகும். சர்க்கரை சேர்த்து மணமூட்டப்பட்ட இவ்வகை மது 'லிக்யூர்' எனப்படும். ஐரோப்பாவில் உணவுக்குப் பின் சிறு குவளையில் அருந்தப்படும் மதுவிற்கு 'டிஜெஸ்டிஃப்' (செரிப்பூட்டி) என்று பெயர்.

வரலாறு

1605-ஆம் ஆண்டில் பிரான்சுவா அன்னிபால் தெஸ்த்ரே என்பவர் பாரிசில் இருந்த கார்த்தூசியத் துறவிகளுக்கு ஒரு மருந்துக் கையெழுத்துப்படியை வழங்கினார் என்பது மடத்து மரபு. கிரெனோபிள் நகருக்கு அருகிலுள்ள தலைமை மடத்தில் 1737-இல் அதன் செய்முறை முழுமையாக்கப்பட்டது. முதலில் இது மருந்தாகவே விற்கப்பட்டது. பின்னர் குடிப்பதற்கேற்ற பச்சை வகையும், 1838-இல் இனிப்பு மிகுந்த மஞ்சள் வகையும் உருவாயின.

1903-இல் பிரான்சு அரசு துறவிகளை வெளியேற்றி, வடிசாலையையும் வணிகப் பெயரையும் கைப்பற்றியது. துறவிகள் செய்முறையுடன் எசுப்பானியாவின் தார்ரகோனா நகருக்குச் சென்று அங்கு உற்பத்தியைத் தொடர்ந்தனர். பெயரை வாங்கிய நிறுவனத்தால் அதே மதுவைத் தயாரிக்க முடியவில்லை. 1920களின் இறுதியில் அந்நிறுவனம் நொடித்தபின் பெயர் துறவிகளிடமே திரும்பியது. 1935-இல் நிலச்சரிவால் பழைய வடிசாலை அழியவே, உற்பத்தி வுவாரோன் நகருக்கு மாறியது.

தயாரிப்பு

இதில் 130 வகைத் தாவரங்கள் சேர்வதாகக் கூறப்படுகிறது. அவை சாராயத்தில் ஊறவைக்கப்பட்டு, வாலைவடிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் சில ஆண்டுகள் முதிர்விக்கப்படுகின்றன. பச்சை வகையில் ஆல்ககால் அளவு 55 விழுக்காடு. முழுச் செய்முறையை ஒரே காலத்தில் ஓரிரு துறவிகள் மட்டுமே அறிவர். தேவை பெருகியபோதும், வழிபாட்டுக்கும் தனிமைக்கும் முதலிடம் தரவும் சுற்றுச்சூழலைக் காக்கவும் விரும்பி, உற்பத்தியை மேலும் பெருக்குவதில்லை எனத் துறவிகள் 2021-இல் முடிவெடுத்தனர்.

செரிமானமும் மதுவும்

செரிப்பூட்டி என்ற பெயர் மருந்தாக விற்கப்பட்ட காலத்தின் எச்சம் எனலாம். கசப்புச் சுவை உமிழ்நீர் சுரப்பைத் தூண்டுவது உண்மையே. ஆனால் ஆல்ககால் வேறு விதமாகச் செயல்படுகிறது. பாலாடைக்கட்டி உணவுடன் மது அருந்தியவர்களுக்கு இரைப்பையிலிருந்து உணவு வெளியேறத் தாமதமானதை 2010-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. எனவே இதனைச் செரிமான மருந்தாகக் கருத இயலாது.