செத்தவர் பெயர் என்ன?

தோழர்களே, ஜவ்வாது மலையடிவாரத்தில் கூடியிருக்கிற நாம் கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்தியது. அந்த ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வடஆர்க்காடு, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து, பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பிப் போன நம் முன்னோர்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று கேமராவோடு வருகிறவர்கள் துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களைக் காட்டி, 'பேய் நகரம்' என்கிறார்கள். ராத்திரியில் பூமிக்கடியில் சத்தம் கேட்கிறதாம். செத்த தொழிலாளிகள் இன்னும் பாறை உடைக்கிறார்களாம்.

சத்தம் பொய்யில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் தாதுவை வெட்டியெடுத்தால், மேலிருக்கும் மலையின் பாரமெல்லாம் மிச்சமிருக்கும் பாறைமேல் இறங்கும். தாங்க முடியாதபோது பாறை வெடிக்கும். தொழிலாளர்கள் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். மேலே வரிசை வீடுகள் குலுங்கும். கீழே ஆட்கள் புதைவார்கள். மூடிய பிறகு சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. அதனாலும் அதிர்வுகள் வந்தன.

இந்தக் கதையைத் தொழிலாளி வீட்டுப் பாட்டி சொன்னால் அது துக்கம். எழுதப்படாத சாவுக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு. வேடிக்கை பார்க்க வந்தவர் சொன்னால், அங்கே உயிரோடு இருப்பவர்கள் மறைந்துபோகிறார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பேய்களா? காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூசியைச் சுவாசிக்கும் பிள்ளைகள் பேய்களா? பாறைத்தூள் படிந்த நுரையீரலோடு இருமுகிற பெரியவர்களின் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். அது சாபம் இல்லை.

இன்னொன்றும் மறைகிறது. 1907-லேயே மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் இயங்கியது. 1914-இல் அயோத்திதாசர் மறைந்தபின், அவர் எழுத்துகளை நூலாக்கிப் பரப்பியது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. நம் அறிவு மரபு அச்சேறிய ஊர்களில் ஒன்று அது.

மாணவத் தோழர்கள் அங்கே போங்கள். பெரியவர்களிடம் பேயைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டாம். செத்தவர் பெயர் என்ன, எந்தச் சுரங்கம், எந்த வருஷம், குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.