கிழித்தாலும் செல்லும் ஐந்து சதம்

பள்ளிவாசல்துறைப் பக்கம் பழைய வீடொன்றில், காணி உறுதி வைத்த தகரப்பெட்டியின் அடியில் ஒரு துண்டுத் தாள் கிடைத்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கிழிப்பதற்கென்றே அரசாங்கம் அச்சடித்த பணமாக அது இருக்கலாம்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாளில் திருகோணமலை. செம்பு, நிக்கல், வெள்ளி எல்லாம் போருக்குத் தேவைப்பட்ட காலம், சில்லறைக்குத் தட்டுப்பாடு. அடுத்த ஜூன் 1ஆம் தேதியிட்டு வந்தது ஐந்து சதத் தாள். அதன் குறுக்கே கீறல் வரிசை. கீறலுக்கு ஒருபுறம் 2 சதம், மறுபுறம் 3 சதம். சேர்ந்திருந்தால் ஐந்து. இரண்டு சதத்துக்குச் சாமான் வாங்கினால், கிழித்துக் கொடுத்துவிட்டு மூன்றை மடியில் முடிந்துகொள்ளலாம். மிச்சக் காசுக்குக் கடைக்காரர் லாச்சியைக் குடைய வேண்டியதில்லை.

ஏன் இரண்டும் மூன்றும்? ஒரு சத நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1, 2, 3, பிறகு 3+1, 2+3, மூன்றையும் சேர்த்து 6. ஒரு தாளும் ஒரு காசும் ஆறு கணக்கைத் தீர்த்துவிடும். அப்போது இலங்கையில் 2 சத நாணயமே கிடையாது.

அதே ஆண்டு 10, 25, 50 சதங்களுக்கும் தாள் வந்தது. பாக்குநீரிணைக்கு அக்கரையில் வேறு வழி கண்டார்கள். 1943இல் நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா வந்தது, 4.86 கிராம் இருந்த காசு 2 கிராமாக மெலிந்தது.

சில்லறைப் பஞ்சம் இலங்கைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பி வியாபாரிகள் தங்கள் பெயர் பொறித்த செம்பு வில்லைகளைத் தொழிலாளருக்குக் கூலிக் கணக்காகக் கொடுத்தார்கள். அவற்றுக்கு வியாபாரியின் வாக்குத்தான் பிணை. ஐந்து சதத் தாளுக்கோ அரசாங்கமே பிணை நின்றது.

1944இல் நிக்கல் கலந்த பித்தளையில், பூவிதழ் போல் விளிம்பு வளைந்த 2 சத நாணயம் வந்தது. தாளைக் கிழிக்கும் தேவை குறைந்தது.

சேகரிப்பவர்கள் பிரியாத முழுத் தாளைத்தான் தேடுவார்கள். உங்கள் கையில் இருப்பது துண்டென்றால் அதன் ஓரங்களைப் பாருங்கள். மூன்று பக்கம் நேராக வெட்டப்பட்டு, நாலாவது பக்கம் மட்டும் சிறு பற்களாக இருந்தால், அதைக் கழுவவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். எங்கோ ஒரு கடையில் கணக்குத் தீர்ந்த அடையாளம் அந்தப் பற்கள்தான்.