உஷ்ணத்தை உணரும் சிறு கருவி

பழைய கார் வைத்திருப்போர் பலர் மாற்றுறுப்பு வாங்கும்போது, திருகு பொருந்துகின்றதா என்பதை மட்டுமே நோக்குகின்றனர். இயந்திரத்தின் உஷ்ணத்தை உணரும் கருவியைப் பொறுத்தவரை அது போதாது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

1974 முதல் 1993 வரை உற்பத்தியான, சுவீடன் நாட்டு நிறுவனத்தின் வொல்வோ 240 காரை உதாரணமாகக் கொள்வோம். அவ்வகைக் கார்கள் பலவற்றில் இத்தகைய கருவிகள் இரண்டு உள்ளன. ஒன்று, சாரதியின் முன்னுள்ள உஷ்ணமானியின் முள்ளை இயக்குவது. மற்றது, எவ்வளவு பெற்றோல் வேண்டுமெனக் கணிக்கும் மின்னணுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புவது.

நீர் சூடேறச் சூடேற இவற்றின் மின்தடை குறையும். இரண்டாவது கருவி 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓமும், 80 பாகையில் ஏறத்தாழ 320 ஓமும் காட்டும். தடை மிகுந்த வேறொன்றைப் பொருத்தினால், சூடான இயந்திரத்தைக் குளிர்ந்ததென மயங்கி, பெட்டி பெற்றோலை வீணே சொரியும். உஷ்ணமானியின் முள் பொய்யுரைத்தாலோ, நீர் கொதிப்பது தெரியாமலே இயந்திரத்தின் அலுமினியத் தலைப்பாகம் வளைந்துவிடக்கூடும்.

ஆகவே, பழைய உறுப்பின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். புதியதன் நுனியை வெந்நீரில் அமிழ்த்தி, மின்தடை அளக்கும் மானியாற் சோதியுங்கள். மாணவர்க்கு இது நல்லதொரு பௌதிகப் பாடமுமாகும். இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே பழையதைக் கழற்றுங்கள்; இல்லையேல் கொதிநீர் பீறிட்டுக் கையைச் சுடும்.

சிறிய உறுப்பிற் காட்டும் அசட்டை பெருஞ் செலவுக்கு வித்தாகும்.